என் ஸ்கூட்டி போன இடங்கள்

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடுகள், ஒரு ஸ்கூட்டி. ஸ்கூட்டி என்னுடையது என்று பதிவுப் புத்தகம் சொல்கிறது. வேறு யாரும் சொல்வதில்லை. ஸ்டார்ட் பண்ணுகிற திறப்பு எங்கள் குசினிக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும். தேவையானவர்கள் பின்பக்கப் படலையால் வந்து, "டீச்சர், எடுக்கிறன்" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு எடுத்துப் போவார்கள். திரும்பி வரும்போது பெற்றோல் ஊற்றிக்கொண்டு வருவார்கள், அல்லது சீட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் ஏதாவது வைத்துவிட்டுப் போவார்கள். ஒருமுறை யாரோ ஒரு பொட்டலம் கருவாடு வைத்துவிட்டுச் சொல்ல மறந்துவிட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க நான் ஸ்கூலுக்குப் போன வழியெல்லாம் பூனைகள் பின்னால் வந்தன.

இந்த ஸ்கூட்டிக்கு ஒரேயொரு சட்டம் உண்டு. எடுத்துக்கொண்டு போகிறவரிடம் "எங்கே போறீங்க?" என்று கேட்கக் கூடாது. வெளிக்கிடுகிற நேரத்தில் அப்படிக் கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. சகுனம் பார்ப்பது மார்க்கத்தில் இல்லை என்று ஜும்ஆவில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார்கள். எல்லாரும் தலையாட்டிக் கேட்டுவிட்டு வந்து, எங்கே என்று கேட்டவரை முறைக்கத்தான் செய்கிறார்கள். மிஞ்சிப்போனால் "தூரமா?" என்று கேட்கலாம். "ஓம், கொஞ்சம் தூரம்" என்றால் அதோடு கதை முடிந்தது. நான் நம்பிக்கைக்காக இல்லாவிட்டாலும் மரியாதைக்காக அதைக் கடைப்பிடித்தேன். கலியாணம் முடிக்காமல் நாற்பத்தாறு வயது வரைக்கும் உம்மாவோடு இருக்கிற ஒரு பெண்ணுக்கு, எங்கே போகிறாய் என்ற கேள்வி எவ்வளவு எரிச்சல் தரும் என்பது நன்றாகவே தெரியும்.

யுத்த காலத்தில் அதைக் கேட்பதற்கென்றே புத்தளம் ரோட்டில் ஆள் வைத்திருந்தார்கள். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் கொப்பியில் வாகன நம்பரை எழுதிக்கொண்டே "கொஹேத யன்னே?" என்பார். எங்கே போகிறாய் என்று சிங்களத்தில். வாப்பா எங்கே போனாலும் "ஹலாவத்த" என்றுதான் சொல்வார். சிலாபம் என்றால் யாரும் அடுத்த கேள்வி கேட்பதில்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. எழுதிய சிப்பாய் லீவில் போய்விடுவார், கொப்பி மழையில் நனைந்து ஊறிவிடும், அதோடு நாங்கள் போனதும் வந்ததும் உலகத்திலிருந்தே அழிந்துவிடும்.

அழியாத கொப்பி எங்கள் ஊருக்கு வந்தது ஆடுகளால்.

எங்கள் ஊர் களப்போரம், உப்புத் தண்ணி ஏரிக் கரை. கனமூலையிலிருந்து ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரே மாதத்தில் பதினாறு ஆடுகள் களவு போயின. அதில் நான்கு பள்ளிவாசல் செயலாளருடையவை. ஊரே அவரை ஹாஜியார் என்று கூப்பிடும். நல்ல மனிதர். யார் மௌத்தாகிப்போனாலும் அந்தச் சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து கதிரை அடுக்குகிறவர். ஆனால் அந்த நான்கு ஆடுகளும் போனதிலிருந்து மனிதருக்கு ஊரில் ஓடுகிற வாகனச் சில்லெல்லாம் கள்ளச் சில்லாகத் தெரிந்தது. கத்தாரில் வேலை செய்கிற ஊர்க்காரர்களிடம் பேசி ஒரு கமராவை வரவழைத்தார். வாகன நம்பரைத் தானாக வாசித்து, நேரத்தோடு சேர்த்துப் பதிந்துவைக்கிற கமரா. மெயின் ரோட்டுச் சந்தியில் லைட் போஸ்டில் அதைக் கட்டினார்கள். ஊருக்குள் வரவும் வெளியே போகவும் அந்த ஒரு வழிதான்.

கொழும்பிலும் சந்திகளில் கமரா வைத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியும். அங்கே அதைப் பார்க்கிறவருக்கு நீ யாரென்று தெரியாது. எங்கள் கமராவைப் பார்க்கிறவருக்கு நீ யாருடைய மகள், உன் பூட்டன் யாருடன் வழக்குப் பேசினார் என்பது வரைக்கும் தெரியும்.

ஒவ்வொரு நாளும் காலையில் அந்தப் பட்டியல் போன் குறூப்பில் வரும். ஊர்க்காரர்களின் நம்பர்களை முன்கூட்டியே கொடுத்துவைத்தால் அவை 'தெரிந்த வாகனம்', மற்றதெல்லாம் 'தெரியாத வாகனம்' என்று ஏற்பாடு. முதல் இரண்டு கிழமை எங்களுக்குப் பெருநாள்தான். சுபஹுத் தொழுகைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன ஒருவர், பள்ளிவாசலைத் தாண்டிப் போய்ச் சந்திக் கடையில் அப்பம் சாப்பிடுவது வெளியே வந்தது. அவருடைய மனைவி அதற்குப் பிறகு வீட்டிலேயே அப்பம் சுட ஆரம்பித்தா. புத்தளத்திலிருந்து ஒரு வீட்டுக்கு இரகசியமாகப் பெண் பார்க்க வந்தார்கள். வேன் சந்தியைத் தாண்டியதுமே படம் குறூப்பில் விழுந்துவிட்டது. 'இது யாருடைய வேன்?' என்று ஒருவர் கேட்க, பதினைந்து பேர் பதில் எழுதினார்கள். மாப்பிள்ளை வீட்டார் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் படிப்பு, வேன் வாடகைக்குப் பிடித்தது என்பது எல்லாம் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

சிரிப்பு நின்றது என் நம்பரைக் கேட்டு ஒரு ஃபோர்ம் வந்தபோது. நிரப்ப மாட்டேன் என்று சொன்னேன். என் ஸ்கூட்டி பதினொரு வீட்டுக்குப் போய் வருகிறது. என் நம்பரைக் கொடுத்தால் பதினொரு வீட்டையும் கொடுத்த மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை ஹாஜியாரே ஸ்கூல் வாசலுக்கு வந்து கேட்டார். பெற்றோர் பத்துப் பேருக்கு முன்னால் இரண்டு பேரும் சத்தமாகவே கதைத்தோம்.

"ஊருக்கு நல்லதுக்குத்தானே டீச்சர்?"

"ஆட்டுக்கு நல்லது ஹாஜியார். நான் ஆடில்லத்தானே."

பெற்றோர்கள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துப்போய்விட்டது. பயன் ஒன்றும் இல்லை. அடுத்த நாளிலிருந்து என் நம்பர் 'தெரியாத வாகனம்' என்று மஞ்சள் நிறத்தில் வர, கீழே ஆளாளுக்கு 'அது டீச்சருடைய ஸ்கூட்டி' என்று எழுதினார்கள். ஃபோர்ம் நிரப்பியவர்களைவிட நான்தான் ஊரில் பிரபலமானேன்.

இந்த இடத்தில் என் இடது பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது முப்பத்திரண்டு, மூன்று பிள்ளைகள், மாப்பிள்ளை குவைத்தில். மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கிறாள். மூன்றாவது பிள்ளை பிறந்து ஆறு மாதம் இருக்கும். ஒருநாள் ஸ்கூட்டித் திறப்பு எடுக்க வந்தவள், எடுக்காமல் எங்கள் குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"டீச்சர், பிள்ளையப் பாக்க எனக்கு ஒண்டும் வருதில்ல. அழுகையும் வருதில்ல. கிணத்தடிக்குப் போகப் பயமா இரிக்கு."

கிணற்றடிக்கு ஏன் பயம் என்று நான் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததே போதும். தெரிந்தவர்களிடம் ஆளைச் சொல்லாமல் விசாரித்ததில், சிலாபத்துக்கு அப்பால் முன்னேஸ்வரம் போகிற ரோட்டில் ஒரு பெண் டொக்டர் தன் வீட்டிலேயே மனநோய்க்கு மருந்து கொடுக்கிறார், தமிழும் கதைப்பார் என்று தெரிந்தது. முதல் தடவை நானே பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை அவள் தனியாகப் போய் வந்தாள். நான்கு மாதத்தில் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிற சத்தம் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்க ஆரம்பித்தது. நான் உம்மாவைக் கூப்பிட்டு அதைக் கேட்கச் சொன்னேன்.

அவள் போவது வீட்டில் தெரியக் கூடாது. அந்தக் குடும்பத்தில் மூத்த மருமகளுக்கு ஒரு காலத்தில் இப்படித்தான் ஏதோ வந்து, 'மண்டை சரியில்லை' என்று சொல்லித் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளை அனுப்பவில்லை. இவளுடைய கழுத்திலும் ஏற்கெனவே இரண்டு தாயத்து ஏறியிருந்தது. டொக்டர் கதை தெரிந்தால் தன் மூன்று பிள்ளைகளும் தன்னிடம் இருக்காது என்று அவள் பயந்தாள். அந்தப் பயம் வீண் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் நாங்கள் ஒரு நாடகம் போட்டோம். சனிக்கிழமை டீச்சர் வீட்டில் தையல் வகுப்பு. அவள் வந்து எங்கள் முன்வாசலில் செருப்பைக் கழற்றிவைப்பாள். உள்ளே வந்து உம்மாவுடைய செருப்பை மாட்டிக்கொண்டு, முகம் மூடுகிற என் ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டியில் போய்விடுவாள். எல்லா அபாயாவும் கறுப்புத்தானே. மாமியார் மதிலுக்கு மேலால் பார்த்தால் ஸ்கூட்டியில் போவது நான், வீட்டில் தைப்பது மருமகள். இதில் ஒரு சிக்கல், தையல் மெஷின் சத்தம் கேட்க வேண்டும். எனக்கோ பொத்தான் தைக்கக்கூடத் தெரியாது. நூல் இல்லாத மெஷினை மூன்று மணித்தியாலம் மிதித்துக்கொண்டு, அடுத்த கிழமைக்குரிய விஞ்ஞானப் பாடத்தைத் தயாரிப்பேன். நான் ஓய்ந்துபோனால் உம்மா மிதிப்பா. ஆறு மாதத்து வகுப்புக்குச் சாட்சியாக, புத்தளத்தில் ஒரு தலையணை உறை வாங்கி அவளிடம் கொடுத்தேன். தையல் நேராக இல்லை என்று மாமியார் குறை சொன்னாராம்.

போகிற வழியெல்லாம் ஹெல்மட்டுக்குள்ளே சத்தமாகப் பாட்டுப் படித்துக்கொண்டு போவதாக அவள் சொன்னாள். பத்துலு ஓயாப் பாலத்தடியில் நிறுத்தி ஒரு தம்பிலி இளநீர் குடிப்பாளாம். டொக்டரிடம் என்ன சொல்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன். "எல்லாம் சொல்லுவன் டீச்சர். உங்களுக்குச் சொல்லாததும் சொல்லுவன்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

சரி, கமராவுக்கு வருவோம். களப்புக் காற்றில் உப்பு இருக்கிறது. மூன்று மாதத்தில் கமராக் கண்ணாடி மங்கிப்போய், நம்பர்களைத் தப்பும் தவறுமாக வாசிக்கத் தொடங்கியது. இமாமின் சைக்கிளைக்கூட ஏதோ லொறி என்று எழுதியதாம். ஸ்கூல் வாசலில் எங்களுக்குச் சண்டை வந்த அதே கிழமை, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஹாஜியார் தானே ஏணி வைத்து ஏறிக் கண்ணாடியைத் துடைக்கப் போய் விழுந்தார். வலது கால் எலும்பு முறிந்தது. எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது. உம்மா கோழிச் சூப் வைத்து அனுப்பினா.

கட்டிலில் கிடக்கிற மனிதருக்குப் பொழுது போக வேண்டுமே. அவருடைய மருமகன் சிலாபத்தில், முன்னேஸ்வரத்துக்குத் திரும்புகிற சந்தியில் டயர்க் கடை வைத்திருக்கிறார். அவரும் கடை வாசலில் அதே மாதிரிக் கமரா ஒன்றைப் பூட்டி, எங்கள் குறூப்போடு சேர்ந்திருந்தார். ஹாஜியார் படுத்த படுக்கையில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார், ஆட்டுக் கள்ளனைப் பிடிக்கலாம் என்று. இரண்டு இடத்திலும் வந்த நம்பர் ஒன்றே ஒன்றுதான். என்னுடையது. மூன்று மாதம், மூன்றுமே இரண்டாவது சனிக்கிழமை, மூன்றுமே முன்னேஸ்வரம் ரோட்டுக்குத் திரும்புகிறது.

முன்னேஸ்வரத்தில் சிவன் கோயில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு காளி கோயிலும் இருக்கிறது. தனக்கு அநியாயம் செய்தவனை நினைத்து அங்கே தேங்காய் உடைத்து முறையிடச் சனம் எங்கிருந்தெல்லாமோ வரும் என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். செவ்வாய்க்கிழமை சண்டை, சனிக்கிழமை முன்னேஸ்வரம், ஞாயிற்றுக்கிழமை கால் முறிவு. கணக்குச் சரியாக வந்துவிட்டது.

ஹாஜியார் அதைக் குறூப்பில் போடவில்லை. அவர் கண்ணியமான மனிதர். இரண்டே இரண்டு பேருக்குத்தான் சொன்னாராம். பின்னேரம் அஸர் தொழுகைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

கால் கட்டோடு, கைத்தடி ஊன்றிக்கொண்டு, கலியாணம் முடிக்காத பெண் இருக்கிற வீடென்று தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். மனிதர் கோப்பையை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் வைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்கொள்ளாதீங்க. மாசா மாசம் முன்னேஸ்வரத்துக்குப் போறீங்க எண்டு..."

"யாரு சொன்னது?"

"கமரா சொல்லுது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தேங்காய்க் கதையை அவர் தயங்கித் தயங்கிச் சொன்னபோது இன்னும் சிரித்தேன். அப்போது குசினிக் கதவடியில் ஏதோ அசைந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒரு தட்டில் வட்டிலப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். தட்டை வைக்காமலே படலைப் பக்கம் ஓரடி பின்வாங்கினாள். என் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் அங்கே போகவில்லை என்று சொன்னால், போனது யார் என்ற கேள்வி வரும். போனது டொக்டரிடம் என்று சொன்னால், எந்த டொக்டர் என்று கேட்பார்கள். டயர்க் கடை மருமகனுக்கு அந்த ரோட்டில் இருக்கிற போர்டெல்லாம் பாடம். நான்தான் அந்த டொக்டரின் நோயாளி என்று சொல்லியிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதைத் தள்ளிவிட்டேன். தேங்காய் உடைக்கிற டீச்சர் என்றால் சமாளிக்கலாம், மண்டை சரியில்லாத டீச்சர் என்றால் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவார்களா என்று பயந்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"போனது நான்தான்" என்றேன். "எங்க போனன் எண்டு சொல்ல மாட்டன்."

"ஒளிக்க ஒண்டும் இல்லாட்டிச் சொல்லலாமே டீச்சர்?"

"உங்கட ஊட்டு அலுமாரியில ஒளிக்க ஒண்டும் இல்லத்தானே ஹாஜியார்? திறப்பத் தாங்க, நான் போய்ப் பாத்திட்டு வாறன்."

அவருடைய மனைவிதான் முதலில் சிரித்தா. பிறகு சிரித்ததை மறைக்க இருமினா.

அடுத்த இரண்டு மாதம் என் வாழ்க்கையில் நான் கண்ட மிக வசதியான காலம். பெற்றோர் கூட்டத்துக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். வீட்டுப் பாடம் செய்யாத பிள்ளை வகுப்பில் ஒன்றுகூட இல்லை. மீன்காரர் பாரைத் துண்டில் நடுப்பகுதியை வெட்டித் தந்துவிட்டு, "டீச்சர், மனசுல ஒண்டும் வெக்காதீங்க" என்றார். வரிசையில் நின்றால் முன்னால் விட்டார்கள். உம்மாவுக்குத்தான் கோபம். "தொழுகிற ஊட்டுக்கு இது என்ன பேரு?" என்று முணுமுணுப்பா. மாமியார்கள் சிலர் மருமகளை அடக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று மறைமுகமாக விசாரித்துப் பார்த்தார்கள் என்று சொன்னதும் உம்மாவும் சிரித்துவிட்டா.

இதற்கிடையில் ஆட்டுக் கள்ளர்கள் பிடிபட்டார்கள். களப்பு வழியாகத் தோணியில் வந்திருக்கிறார்கள். தோணிக்கு நம்பர் போர்டும் இல்லை, களப்பில் லைட் போஸ்டும் இல்லை. பிடித்தது கூனி இறால் பிடிக்கப் போன இரண்டு பேர். அதோடு கமராவைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தேன். யாருக்கும் அந்த எண்ணமே வரவில்லை. காலையில் பட்டியல் பார்ப்பது எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது.

பக்கத்து வீட்டுக்காரி ஸ்கூட்டி எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு. இனி ஏலாது டீச்சர்."

எனக்கு ஒன்றும் இல்லை, நல்ல மீன் கிடைக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் போ என்றேன். பஸ்ஸில் ஏறினால் மதுரங்குளி போய்ச் சேருவதற்குள் நான்கு பேர் எங்கே என்று கேட்பார்கள். ஹெல்மட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக முடியாது. முதல் மாதச் சனிக்கிழமை போகவில்லை. டொக்டர் தந்த குளிசை முடிந்தது. இரண்டாவது மாதமும் போகவில்லை. மழையில் உடுப்புகள் கொடியிலேயே கிடந்து நனைந்தன. சின்னப் பிள்ளை அழுதால் நெடுநேரம் அழுதுகொண்டே இருந்தது. ஹாஜியார் வீட்டுக்குப் போய், டயர்க் கடைக் கமராவைக் குறூப்பிலிருந்து எடுங்கள் என்று நேராகவே சொன்னேன். என்மேல் இருந்த பயத்தில் அன்றைக்கே எடுத்துவிட்டார். ஓடிவந்து அவளிடம் சொன்னேன். "சந்தியில ஒண்டு இரிக்குத்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாமியார் குருடியில்லை. மருமகள் மறுபடி வாடுவதை அவரும் கண்டார். காரணமும் கண்டுபிடித்தார்: டீச்சர் வைத்த செய்வினை. தையல் வகுப்பு என்று அந்த வீட்டுக்குப் போய் வந்ததால் பிடித்த பீடை. ஒருநாள் காலையில் கிணற்றடியில் நின்று, மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும்படியாக, இனி அந்த வீட்டுப் படலையை மிதிக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். என்னையும் உம்மாவையும் சேர்த்து நாலைந்து வார்த்தை சொன்னார். நான் பதில் சொல்லச் சீலையைச் சொருகிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவளுடைய குரல் கேட்டது. அவள் அவ்வளவு சத்தமாகக் கதைத்து நான் கேட்டதேயில்லை.

"போனது டீச்சரில்ல மாமி. நான்தான். மண்டைக்கு மருந்து தாற டொக்டருக்கிட்டத்தான் போனன். அவங்கள ஏசாதீங்க."

மதிலுக்கு இந்தப் பக்கம் நான் அப்படியே நின்றேன். எனக்காகத்தான் அவள் அதைச் சொன்னாள். நான் சொல்லத் துணியாததை அவள் சொல்லிவிட்டாள்.

மூன்று நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. குவைத்துக்குப் போன் போனது, வந்தது. நான் ஒவ்வொரு நாளும் பிள்ளைகளின் உடுப்பைக் கொடியில் எண்ணிப் பார்த்தேன், பெட்டி கட்டுகிறார்களோ என்று. நான்காம் நாள் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். உம்மாவின் கையைப் பிடித்து மாப்புக் கேட்டார். "எனக்குத் தெரிஞ்சா வேணாமெண்டா சொல்லுவன்? இனி நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார். பிள்ளைகளை யாரும் எங்கேயும் கொண்டுபோகவில்லை. ஹாஜியார் வெட்கப்பட்டு, தன் வேனையும் சாரதியையும் மாதா மாதம் தருவதாகச் சொன்னார். ஊரில் ஆளுக்காள் அவளுடைய தைரியத்தைப் புகழ்ந்தார்கள். கமரா இல்லாவிட்டால் இந்த வருத்தம் வெளியே வந்திருக்குமா, எல்லாம் நன்மைக்குத்தான் என்று ஒருவர் குறூப்பில் எழுதினார். கீழே நாற்பது பேர் ஆமீன் போட்டார்கள். என் மீன் துண்டு மறுபடி வால் பக்கமானது. நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

போன மாதம், இரண்டாவது சனிக்கிழமை பின்னேரம், வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் பின்பக்கப் படலையால் வந்து குசினிப் படியில் உட்கார்ந்தாள். தேத்தண்ணி கொடுத்தேன்.

"மாமி உள்ளுக்கும் வந்தாங்களா?" என்று கேட்டேன்.

"டொக்டர் வெளிய இருக்கச் சொன்னாங்க. கதவடியில கதிரையப் போட்டு இருந்தாங்க. வரக்குள்ள வேனுல கேட்டாங்க, அவ்வளவு நேரம் என்னத்தச் சொன்னாய் எண்டு. சாரதியும் திரும்பிப் பாத்தாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"மாமி நல்லாப் பாக்கிறாங்க, நல்லாத் தூங்குறன், பிள்ளைகளோட சந்தோசமா இரிக்கன், அதத்தான் சொன்னன் எண்டன்."

"நல்லதுதானே புள்ள. வேனுல வேற என்னத்தச் சொல்றது?"

அவள் கோப்பையைப் படியில் வைத்தாள்.

"பொய்யில்ல டீச்சர். டொக்டருக்கிட்டயும் அதத்தான் சொல்லிட்டு வந்தன்."